நாலாவது ரவுண்டு

பெங்களூரிலிருந்து திரும்பியதிலிருந்து ஜூலியட் காலையில் விழித்ததும் எழுந்திருப்பதில்லை. கண்ணை மூடிப் படுத்தபடியே எட்டாம் வகுப்பு 'பி' பிரிவுப் பெண்களின் பெயர்களை வரிசையாகச் சொல்லிப் பார்ப்பாள். சாந்தோமில் ஒரு பள்ளிக்கூடத்தில் அவள் பி.டி. மிஸ். அந்தப் பெயர்களைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தடுமாறாமல் சொல்லக்கூடியவள். இப்போது தினமும் எங்கேயோ ஒன்று நழுவியது. நேற்று தீபிகா. இன்று ஷில்பாவுக்கு அடுத்தவள். முகம் தெரிந்தது, ரெட்டைப் பின்னல் தெரிந்தது, ஓடும்போது இடது ஷூ கழன்றுகொள்ளும் என்பதுகூடத் தெரிந்தது. பெயர் மட்டும் வரவில்லை.

பல் தேய்க்கும்போது வந்தது. ஸ்நேஹா. வந்ததும் நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். இதற்கு ஏன் இவ்வளவு நேரம் என்ற பயம்தான் வயிற்றில் போய் உட்கார்ந்துகொண்டது.

பள்ளிக்கூட வேலை போக, அவள் தொழில்முறைக் குத்துச்சண்டைக்காரி. அதுவரை ஏறிய ஐந்து மேடைகளிலும் ஜெயித்தவள். பெங்களூரில் நடந்த ஆறாவதில், சிம்ரா என்ற பெண்ணிடம், நாலாவது ரவுண்டில் விழுந்துவிட்டாள். நடுவர் போட்டியை நிறுத்திவிட்டாராம். எல்லாம் பிறர் சொல்லிக் கேட்ட 'ஆம்'தான். மூன்றாவது ரவுண்டு முடிந்து ஸ்டூலில் உட்கார்ந்ததும், கோச் வால்டர் வாயில் தண்ணீர் ஊற்றியதும் ஞாபகம் இருந்தன. அதற்கப்புறம் ஆம்புலன்ஸின் கூரை. நடுவில் ஒன்றுமே இல்லை. அவள் விழுந்த வீடியோவைத் தெருவில் எல்லாரும் பார்த்துவிட்டார்கள். பார்க்காதவர்கள் அவளும் அம்மாவும்தான்.

"தலைவலி, வாந்தி, மறதி, எது வந்தாலும் உடனே டாக்டர்கிட்ட போயிடணும்" என்று பெங்களூர் ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பினார்கள். பெயர் நழுவுவதும் மறதியில் சேர்த்தியா? யாரிடமும் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடும். டாக்டர் ஏதாவது எழுதிக் கொடுத்தால் குத்துச்சண்டை லைசென்ஸ் போய்விடும்.

"தோசை ஊத்தட்டா?" என்றாள் அம்மா கிளாடிஸ்.

"பசிக்கல மம்மி."

கிளாடிஸ் கணக்கு டீச்சராக இருந்து ரிட்டையர் ஆனவள். வகுப்பில் சாக்பீஸை வீசியே பெயர் வாங்கியவள், இப்போது வீட்டில் பாத்திரத்தைக்கூடச் சத்தமில்லாமல் வைத்தாள். மகளின் போட்டி எதையும் அவள் பார்த்ததில்லை. அந்த நேரத்தில் ஜெபமாலையோடு மாதா கோவிலில் போய் உட்கார்ந்துவிடுவாள்; ஜெயித்துவிட்டேன் என்று போன் வந்த பிறகே எழுந்திருப்பாள். இந்த முறை போன் வரவே இல்லை. கோவில் பூட்ட வந்தவர் சொல்லித்தான் எழுந்தாளாம்.

மேஜைமேல் செல்போன் அதிர்ந்தது. திரையில் 'சிம்ரா' என்று வந்தது. மூன்று நாளாக இப்படித்தான். ஜெயித்தவளுக்குத் தோற்றவளிடம் என்ன பேச்சு? ஜூலியட் போனைக் கவிழ்த்து வைத்தாள்.

"யாரு?"

"ராங் நம்பர்."

கிளாடிஸ் கவிழ்ந்து கிடந்த போனைப் பார்த்தாள். பிறகு பையை எடுத்து நீட்டினாள். "நொச்சிக்குப்பம் போய் சங்கரா மீன் கிடைச்சா வாங்கிட்டு வா. எத்தனை நாள் இப்படியே உள்ள உக்காந்திருப்ப?"

இடது கண்ணுக்குக் கீழே பச்சையும் மஞ்சளுமாக நிறம் மாறிக்கொண்டிருந்த இடத்தைத் துப்பட்டாவால் மறைத்துக்கொண்டு ஜூலியட் கிளம்பினாள். தெருமுனை டீக்கடையில் இரண்டு பேர் போனைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். தன்னைத்தான் பார்க்கிறார்களோ? கிரிக்கெட்டாக இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு நடையை எட்டிப் போட்டாள்.

தங்கம் அக்காவிடம்தான் அவர்கள் வீட்டில் எப்போதும் மீன் வாங்குவார்கள். போட்டிக்கு முன்னால் ஆறு மாதம் ஜூலியட் தினமும் விடியற்காலையில் அந்த வழியாகத்தான் ஓடினாள். ஓடும்போதெல்லாம் தங்கம் குரல் கொடுப்பாள்.

"வா கண்ணு! எங்க ஆளையே காணோம்?" என்றவள், துப்பட்டா விலகியதும் எழுந்து நின்றாள். "ஐயோ, இன்னாடி இது, மூஞ்சி இப்டி வீங்கிக்கீது! எங்க, காட்டு பாப்போம்."

கன்னத்தைத் தொட்டுப் பார்க்கக் கையை நீட்டினாள்.

அடுத்து நடந்தது ஜூலியட்டின் கையில் இல்லை. இரண்டு முழங்கைகளும் முகத்துக்கு முன்னால் ஏறிக்கொண்டன. தலை குனிந்தது. கால் தடுமாறி மீன் தட்டு வைத்திருந்த பலகையில் இடித்தது. தட்டு கவிழ்ந்து சங்கராக்கள் தார்ரோட்டில் வழுக்கிக்கொண்டு போயின. கண்ணைத் திறந்தபோதுதான் இவ்வளவு நேரமும் மூடியிருந்தது தெரிந்தது.

தங்கத்தின் கை இன்னும் நீட்டியபடியே இருந்தது. "நானா கண்ணு உன்ன அடிக்கப் போறேன்?" என்றாள் மெதுவாக.

"இல்லக்கா... சாரிக்கா..." ஜூலியட் குனிந்து மீனைப் பொறுக்கினாள். பக்கத்துக் கடைப் பெண் யாரிடமோ, "இதான் அந்த பாக்சிங் பொண்ணு" என்றது காதில் விழுந்தது. "வுடு, நான் பாத்துக்கினேன்" என்று தங்கம் தட்டைப் பிடுங்கிக்கொண்டாள். ஜூலியட் பையை அங்கேயே விட்டுவிட்டுக் கடலைப் பார்க்க நடந்தாள்.

கரையேற்றி வைத்திருந்த ஒரு படகின் நிழலில் உட்கார்ந்தாள். கண் மூடிவிட்டது. அதுதான் அவளைத் தின்றது. அடி வரும்போது கண்ணை மூடாமல் இருக்கத்தான் அத்தனை வருஷப் பயிற்சியும். பள்ளி மைதானத்தில் ஒரு குழந்தை பந்தை எறிந்தால்? பஸ்ஸில் கண்டக்டர் டிக்கெட்டை நீட்டினால்? வாழ்நாள் முழுக்க இப்படியே கையைத் தூக்கிக்கொண்டு நிற்பேனா? அந்த நாலாவது ரவுண்டில் தலைக்குள் ஏதோ அறுந்துவிட்டதோ? ஷில்பா, அதற்கடுத்து... அதற்கடுத்து யார்? காலையில் கண்டுபிடித்த பெயர் மறுபடியும் இல்லை.

போன் அதிர்ந்தது. யார் என்றுகூடப் பார்க்காமல் எடுத்தாள்.

"அக்கா, நான் சிம்ரா. கட் பண்ணிடாதீங்க." தமிழ்தான், ஆம்பூர்ப் பக்கத்துப் பேச்சு.

"வாழ்த்துகள்" என்றாள் ஜூலியட்.

"அத நான் கேக்கலக்கா. தல வலிக்குதா? வாந்தி வருதா? உங்க கோச் எல்லாம் நார்மல்னு சொன்னாரு. எனக்கு நம்பிக்கை இல்ல."

ஜூலியட் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"இங்க எல்லாரும் மாலை போட்டுக்கிட்டு இருக்காங்க. எனக்கு கண்ண மூடினா நீங்க கீழ விழற சத்தம்தான் கேக்குது. ரிங்குல அப்படி ஒரு சத்தம் நான் கேட்டதே இல்ல. உங்களுக்கு ஒண்ணும் ஆகலன்னு நீங்களே சொன்னாதான் நான் தூங்குவேன்."

சொல்லிவிடலாம், ஒரு வார்த்தைதானே. ஆனால் அந்தப் பெண்ணின் குரலில் இருந்தது தன் வயிற்றில் இருந்த அதே பயம் என்று ஜூலியட்டுக்குத் தோன்றியது. அம்மாவிடமும் வால்டரிடமும் சொல்லாததை, தன்னை விழவைத்தவளிடம் சொன்னாள். "பேர் மறந்து போகுது சிம்ரா. கிளாஸ் பிள்ளைங்க பேர். தினமும் ஒண்ணு. இன்னிக்கு ஒருத்தங்க கைய நீட்டினாங்க, கண்ண மூடிட்டேன்."

"டாக்டர்கிட்ட சொன்னீங்களா?"

"இல்ல."

"வீட்ல?"

"இல்ல."

"எழுந்திரிங்க" என்றாள் சிம்ரா. அழுகிறாளா திட்டுகிறாளா என்று தெரியவில்லை. "இப்பவே எழுந்திரிங்கக்கா. லைசென்ஸுக்காகதானே மறைக்கிறீங்க? நானா இருந்தாலும் மறைச்சிருப்பேன். அதனாலதான் சொல்றேன்."

ஜூலியட் திரும்பி வந்தபோது வீட்டு வாசலில் கிளாடிஸ் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள். தங்கம் ஆள் அனுப்பிப் பையையும் மீனையும் கொடுத்திருந்தாள். நடந்ததையும் சொல்லி அனுப்பியிருந்தாள். பெயர்கள் நழுவுவதை மகள் சொல்லி முடிப்பதற்குள் கிளாடிஸ் கதவைப் பூட்டியிருந்தாள். பிறகு, "தினமும் நீ உதட்ட அசைச்சுக்கிட்டே படுத்திருந்தத பாத்தேன். ஜெபம் பண்றன்னு நெனச்சேன்" என்றாள். ஆட்டோவைக் கைதட்டிக் கூப்பிட்டாள்.

மயிலாப்பூர் ஆஸ்பத்திரியில் டோக்கனை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள். ஒவ்வொரு முறை கதவு திறக்கும்போதும் ஜூலியட் டோக்கன் எண்ணைப் பார்த்துக்கொண்டாள். ஸ்கேன் குழாய்க்குள் படுத்திருந்தபோது பெயர்களைச் சொல்லிப் பார்க்க வாய் வரை வந்தது. வேண்டாம் என்று விட்டுவிட்டாள்.

ஜஹனாரா என்ற டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். கிளாடிஸின் கை மகளின் மணிக்கட்டைப் பிடித்திருந்தது.

"ரத்தக்கசிவு எதுவும் இல்ல" என்றார் கடைசியில். "ஆனா மூளை நல்லா குலுங்கியிருக்கு. சரியா தூங்கி எத்தனை நாள் ஆச்சு?"

"தூங்கல டாக்டர்."

"தூங்காம, சாப்பிடாம, தினமும் உங்களையே பரீட்சை வச்சிக்கிட்டிருந்தா யாருக்குமே பேர் மறக்கும். பரீட்சைய நிறுத்துங்க. ரெண்டு மாசம் தலையில ஒரு தட்டுகூட படக்கூடாது. அப்புறம் மறுபடி பார்க்கலாம்."

"மறுபடி ரிங்குல ஏறலாமா?"

"இப்ப தெரியாது. தெரிஞ்ச மாதிரி சொல்ல மாட்டேன்."

"கண்ணு மூடுறது?"

"அது ஸ்கேன்ல தெரியாதும்மா. பயம் போக நாளாகும். சிலருக்குப் போகும், சிலருக்கு இருக்கும்."

வெளியே வேப்பமர நிழலில் ஒரு சிமெண்ட் பெஞ்சு இருந்தது. அதில் உட்கார்ந்து ஜூலியட் சிம்ராவைக் கூப்பிட்டாள். முதல் மணியிலேயே எடுத்தாள். ரத்தக்கசிவு இல்லை என்றதும், "இன்னிக்கு தூங்குவேன்கா" என்றாள் சிம்ரா.

"சிம்ரா, அந்த நாலாவது ரவுண்ட எனக்கு சொல்லு. வீடியோ பாக்க தைரியம் இல்ல. நீ சொல்லு."

கிளாடிஸ் எழுந்து போகப் பார்த்தாள். அப்புறம் என்ன நினைத்தாளோ, மறுபடி உட்கார்ந்து, "ஸ்பீக்கர்ல போடு" என்றாள்.

சிம்ரா சொன்னாள். மணி அடித்ததும் ஜூலியட்தான் முதலில் பாய்ந்து வந்தாளாம். விலாவில் ஒன்று விட்டாளாம், சிம்ராவுக்கு மூச்சே நின்றுவிட்டதாம். "முடிஞ்சுது, இன்னிக்கு தோத்தேன்னு நெனச்சேன். கண்ண மூடிக்கிட்டுதான் அந்த ரைட் கைய வீசினேன்கா. அது எப்படிப் பட்டுச்சுன்னு எனக்கே தெரியல." விழுந்தவள் கயிற்றைப் பிடித்து எழுந்தாளாம். நடுவர் எண்ணி முடிப்பதற்குள் எழுந்து, கையை உயர்த்தி, போதும் என்று அவர் சொன்ன பிறகும் சிம்ராவைத் தேடி நடந்தாளாம். "கிட்ட வந்து என் தோள்ல சாஞ்சீங்க. 'நல்லா அடிச்ச' அப்படின்னீங்க. அதுக்கப்புறம்தான் கால் மடிஞ்சுது. நான்தான் பிடிச்சேன்."

ஜூலியட்டுக்கு அழுகை வந்தது. தோல்விக்கு அல்ல, ஒன்றுமே இல்லை என்று நினைத்த அந்த இடத்தில் தானும் இருந்திருக்கிறோம் என்பதற்கு.

"ஏம்மா" என்றாள் கிளாடிஸ், போனுக்குப் பக்கத்தில் வாயை வைத்து. "நான் இவளோட அம்மா. விலாவுல அடி பட்டுச்சுன்னியே, டாக்டர்கிட்ட காட்டினியா?"

"அது... கொஞ்சம் வலிக்குது ஆன்ட்டி. திரும்பிப் படுக்க முடியல. கட்டு போட்டுக்கிட்டா சரியாயிடும்..."

"அதாவது காட்டல." அந்தக் குரலில் பழைய வகுப்பறை திரும்பியிருந்தது. "இவள மட்டும் டாக்டர்கிட்ட போன்னு சொல்லத் தெரியுது, இல்ல? உங்கம்மாகிட்ட போன குடு."

"ஆன்ட்டி, அவங்களுக்குத் தெரியாது..."

"தெரியட்டும். குடு."

ஜூலியட் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இன்னும் பயமாகத்தான் இருந்தது. ஆனால் வயிறு பசித்தது. அம்மா இந்தப் பேச்சை முடிக்க இன்னும் நேரமாகும் என்று தெரிந்து, எதிரே இருந்த கடையில் இரண்டு காபி சொல்லிவிட்டு வர எழுந்தாள்.