மலை மாத்திரையும் ஊர் மாத்திரையும்

“உங்க அப்பா வேற எதாச்சும் மாத்திரை சாப்பிடுறாகளாம்மா?”

தேனி ஆஸ்பத்திரியில் டாக்டர் இவாஞ்சலின் என்னைப் பார்த்துத்தான் கேட்டார். நான் அம்மாவின் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கினேன். நான் ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டதே, நாலு பேர் முன்னால் வாய் திறக்க முடியாமல்தான்.

அப்பா கர்ணன் தேவாரத்திலிருந்து போடிமெட்டு வழியாகக் கேரளத்து ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப் ஓட்டுகிறார். அன்று காலை தலை வலிக்கிறது என்று உட்கார்ந்தவர் வாய் கோணிச் சாய்ந்துவிட்டார். ஸ்கேனில் மூளைக்குள் ரத்தக் கசிவு தெரிந்தது.

அத்தை பாண்டீஸ்வரிக்கு டாக்டருக்கு முன்பே காரணம் தெரிந்திருந்தது. “விடிஞ்சதும் என் தம்பியக் கரிச்சுக் கொட்டுனா மண்டைக்குள்ள நரம்பு தாங்குமா?”

அம்மா மறுக்கவில்லை. ஈரத்துண்டைக் கட்டிலில் போட்டதற்காகக் காலையில் நிஜமாகவே திட்டியிருந்தாள். “நாந்தான் காரணமா டாக்டரம்மா?” என்று மட்டும் கேட்டாள்.

“பிரஷர் சரியாத்தான் இருக்கு. தலையில அடியும் இல்ல. ஆனா ரத்தம் உறைய மாட்டேங்குது. இருதய வால்வு மாத்துனதுக்கு, ரத்தம் உறையாம இருக்க தினம் ஒரு மாத்திரைங்கிறீக. அந்த ஒண்ணுக்கு இம்புட்டு ஆகாது. ஈரல் கோளாறா, வேற மருந்தான்னு தெரியணும்.”

என் நோட்டு துணிப்பையில் சேலைகளுக்கு அடியில் இருந்தது. வீட்டில் விட்டால் யாராவது படித்துவிடுவார்கள் என்று, நான் போகும் இடமெல்லாம் கூடவே வரும். போன மாதத்துப் பக்கத்தைத் தேடி எடுத்து டாக்டரிடம் நீட்டினேன். மனதுக்குள் படிப்பார் என்று நினைத்தேன். அவர் சத்தமாகவே படித்தார்.

“‘ஜீப்பில் ஒரு மாத்திரை அட்டை இருந்தது. கேட்டதற்கு அப்பா சொன்னார்: இது மலை மாத்திரை ஆத்தா. ஒருநா தீந்துபோயி மேல ஒரு டாக்டர்ட்ட வாங்குனது. வீட்ல இருக்கது ஊர் மாத்திரை. மேல போனா மேல உள்ளது, கீழ வந்தா கீழ உள்ளது. ரெண்டு கவர்மெண்டுக்கும் பொல்லாப்பு இல்லாம இருக்கணும்ல.’”

அப்பா தினமும் மேலே போய்த் தினமும் கீழே வருகிறவர்.

டாக்டர் நிறுத்தவில்லை. “‘அத்தை வந்தால் வீடே அதிர்கிறது. வராத ஞாயிற்றுக்கிழமை சோறு இறங்குவதில்லை.’”

எனக்குச் சுவருக்குள் போய்விடலாம் போலிருந்தது.

இன்னொரு டிரைவர் சுரேஷ்கண்ணன் ஜீப்பில் இருந்த அட்டையைப் படம் எடுத்து அனுப்பினார். அட்டையில் பெயர்தான் வேறு, ஊர் மாத்திரையும் அதுவும் ஒரே மருந்து. உடனே அந்த மருந்தை முறிக்கும் ஊசி போட்டு பிளாஸ்மா ஏற்றினார்கள். கசிவு மேலும் பரவாமல் நின்றது.

மூன்றாம் நாள் அப்பா கண் திறந்தார். நாக்கு இன்னும் குழறியது. “பசிக்கிது ஆத்தா. இங்கன சோறெல்லாம் போட மாட்டாகளா?”

“வாயத் தொறந்ததும் சோறு,” என்று அம்மா திட்டப் போனாள். அத்தையைப் பார்த்ததும் பாதியில் வாயை மூடிக்கொண்டாள்.

“திட்டுங்கம்மா, அதனால ஒண்ணும் ஆகாது,” என்று சொல்லிவிட்டு டாக்டர் அடுத்த கட்டிலுக்குப் போனார்.

அம்மா முந்தானைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். மூன்று நாளாக அவள் எதுவும் சாப்பிட்டிருக்கவில்லை.

அத்தை எழுந்து வந்து, தனக்கென்று வாங்கி வைத்திருந்த இட்லிப் பொட்டலத்தை அம்மாவின் மடியில் பிரித்து வைத்தாள். கலைந்து கிடந்த அம்மாவின் கூந்தலை அள்ளி முடிந்துவிட்டாள். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு வார்டை விட்டு வெளியே போனாள்.