ஐந்தாம் நாள், ஏரிக்கரை ஊர்

முப்பத்தொரு பேர் வந்த அந்தச் சுற்றுலாவில் ஒரு படம்கூட எடுக்காமல் சுற்றியவர்கள் இரண்டே பேர். ஒருவர் தையல்காரர். மற்றவர் அவருடைய மனைவி. மலைக்கோட்டையில் மற்றவர்கள் மூச்சு வாங்க முந்நூறு படி ஏறிப் போனபோது, இவர்கள் கீழே டிக்கெட் கவுண்டர் நிழலில் உட்கார்ந்திருந்தார்கள். அருவியில் நனையாமலிருக்க ஆளுக்கொரு மழைக்கோட்டு கொடுத்தார்கள். தையல்காரர் அதன் தோள்பட்டைத் தையலைத் திருப்பிப் பார்த்துவிட்டு மடித்து வைத்துவிட்டார். குகை, அரண்மனை, பழைய சந்தை என்று எங்கே இறங்கினாலும் அவர் மனைவி டூர் மேனேஜரிடம் ஒன்றைத்தான் கேட்டார்.

"இங்கேர்ந்து அந்த ஏரிக்கரை ஊர் எவ்வளவு தூரம்மா?"

"அது அஞ்சாம் நாள்மா. படகுத் திருவிழா அன்னைக்குத்தான் போறோம். அதுக்குள்ள இதையெல்லாம் கொஞ்சம் பாருங்களேன். இவ்வளவு தூரம் வந்துட்டு!"

டூர் மேனேஜர் நாற்பது வயதுப் பெண். கையில் மஞ்சள் கொடி. கத்திக் கத்தித் தொண்டை கட்டிப் போயிருந்தது. முப்பத்தொரு பாஸ்போர்ட்டையும் தன் தோள்பையில் வைத்துக்கொண்டு, ஏறும்போதும் இறங்கும்போதும் தலை எண்ணுவார். போன வருடம் ஒரு குழுவிலிருந்து இரண்டு பேர் நழுவி எங்கோ வேலைக்குச் சேர்ந்துவிட்டார்கள். அதிலிருந்து அவருக்கு யார் மேலும் நம்பிக்கை கிடையாது. படம் எடுக்காத இந்த இருவர் மேல் முதல் நாளிலிருந்தே ஒரு கண் வைத்திருந்தார்.

ஐந்தாம் நாள் காலை, ஏரிக்கரை ஊர் ஓட்டலின் சாப்பாட்டுக் கூடத்தில் தையல்காரர் அவரிடம் வந்து நின்றார்.

"மேடம், இன்னைக்கு ரெண்டு மணி நேரம் நாங்க தனியா போகணும்."

"எங்கே?"

"இந்த ஊர்ப் பொதுக் கல்லறைத் தோட்டத்துக்கு. எங்க பையன் இங்கதான் இருக்கான்."

மேனேஜருக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் கையிலிருந்த கோப்பையைக் கீழே வைத்தார்.

தையல்காரர் சுருக்கமாகத்தான் சொன்னார். மகன் கட்டட வேலைக்கு, சாரம் கட்ட, இந்த நாட்டுக்கு வந்தவன். மூன்று வருடத்துக்கு முன் இந்த ஊரில் இறந்துபோனான். உடம்பு ஊருக்கு வரவில்லை. கல்லறையைப் பார்க்க வேண்டும் என்று இரண்டு முறை விசா கேட்டார்கள். இரண்டு முறையும் இல்லை என்று வந்தது. சுற்றுலா என்று எழுதிக் கொடுத்ததும் ஒரே வாரத்தில் கிடைத்துவிட்டது.

"முதல் நாளே சொல்லியிருக்கலாமே ஐயா!"

"சொன்னா வேணாம்னுட்டா என்ன பண்றது?"

"இப்பவும் அதைத்தான் சொல்லப்போறேன். நீங்க திரும்பி வரலைன்னா என் வேலை மட்டும் போகாது, கம்பெனிக்கே தடை போட்டுடுவாங்க."

தையல்காரர் நகரவில்லை. அவருக்குப் பின்னால் மனைவி கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றிருந்தார். மேனேஜர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். கடைசியில் கொடியை டிரைவரிடம் கொடுத்து, மற்றவர்களை ஏரிக்கரைக்குக் கூட்டிப்போகச் சொன்னார்.

"நானும் வரேன். ஒரு மணிக்குப் படகுப் போட்டி. அதுக்குள்ள திரும்பிடணும்."

திருவிழாவுக்காகத் தெருக்களை அடைத்துவிட்டார்கள். வண்டி எதுவும் கிடைக்கவில்லை. ஊரே ஏரியைப் பார்த்து இறங்கிக்கொண்டிருக்க, இவர்கள் மூவரும் எதிர்த் திசையில் மேடேறினார்கள். முழங்கால் வலியோடு மனைவி சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்தார். முரசு அடித்துக்கொண்டு ஒரு கூட்டம் வந்தது. வாத்து முகமூடி போட்ட ஒருவன் கூட்டத்திலிருந்து பாய்ந்து வந்து, அந்த அம்மாவின் இரண்டு கைகளையும் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றினான். அவர் கையை உதறவும் தெரியாமல் மரம் போல நின்றார். அவன் குனிந்து ஒரு வணக்கம் வைத்துவிட்டு ஓடிப்போனான். அவர் தலைமுடியில் அவன் தூவிய வண்ணக் காகிதத் துண்டுகள் ஒட்டிக்கொண்டிருந்தன. யாரும் அவற்றைத் தட்டிவிடவில்லை.

வழியில் மேனேஜர் மெல்லக் கேட்டார். "அம்மா உங்ககூடப் பேசுறதே இல்லையே ஐயா. நாலு நாளா பாக்குறேன்."

"மூணு வருஷமாவே அப்படித்தான். சாப்பாடு வைப்பா, கேட்டதுக்குப் பதில் சொல்லுவா. முகம் குடுத்துப் பேச மாட்டா." கொஞ்ச தூரம் நடந்துவிட்டுத் தொடர்ந்தார். "பதினஞ்சாம் தேதி ஏஜென்ட் போன் பண்ணினான். நேத்து ராத்திரி நெஞ்சு வலியில போயிட்டான்னு. மறுநாளே ஒரு பேப்பரோட வந்து நின்னான். உடம்பை அனுப்ப ரொம்ப நாளாகும், கெட்டுப்போயிடும், அங்கேயே அடக்கம் பண்ணச் சம்மதம்னு எழுதிக் குடுங்கன்னான். இவ உள்ளே மயக்கமா கெடந்தா. நான் கையெழுத்துப் போட்டுட்டேன். என்னைக் கேக்காம என் புள்ளையை எப்படி விட்டுக் குடுத்தீங்கன்னு அவ கேட்டா."

கல்லறைத் தோட்டத்துக்கு ஒரு இரும்புக் கதவு, உள்ளே ஒற்றை அறை ஆபீஸ். காவலர் பையை மாட்டிக்கொண்டு கிளம்பத் தயாராக இருந்தார். அவரும் திருவிழாவுக்குத்தான். சட்டைக் காலரில் சிவப்பு நாடா முடிந்திருந்தார். மேனேஜர் அந்த ஊர் மொழியில் கெஞ்சியதும் பெருமூச்சு விட்டுப் பையைக் கழற்றி வைத்தார். மனைவி வெளியே பெஞ்சில் கால் நீட்டி உட்கார்ந்துகொள்ள, மற்ற இருவரும் உள்ளே போனார்கள்.

காவலர் ஒரு தடித்த ரிஜிஸ்டரை எடுத்துப் புரட்டினார். வருடம், மாதம், பெயர். விரல் ஒரு வரியில் நின்றது.

மேனேஜர் படித்துச் சொன்னார். "பேரு சரியா இருக்கு. ஊர் சரி. வயசு இருபத்தாறு. இறந்தது மூணாம் தேதி. அடக்கம் எட்டாம் தேதி. இடம்..."

"பதினாலு," என்றார் தையல்காரர். "இறந்தது பதினாலு."

"இல்லைங்க. மூணுன்னு இருக்கு."

"தப்பா எழுதியிருப்பாங்க. திரும்பப் பாருங்கம்மா."

எழுத்துதான் அந்நியம். எண்கள் எல்லா ஊருக்கும் ஒன்றுதானே. தையல்காரர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்தார். மகனின் வரிக்கு மேல் வரியில் அடக்கத் தேதி ஏழு. கீழ் வரியில் ஒன்பது. நடுவில் எட்டு. தப்பாக எழுத இடமே இல்லை.

அவர் மேசையைப் பிடித்துக்கொண்டார். காவலர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

பதினாறாம் தேதி கையெழுத்துப் போட்டபோது மகன் மண்ணுக்குள் போய் எட்டு நாள் ஆகியிருக்கிறது. அந்தக் காகிதம் ஏஜென்டும் வேலைக்கு வைத்தவர்களும் செய்து முடித்ததற்கு ஒரு மூடி. அவ்வளவுதான். அவர் சம்மதித்திருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றும் மாறியிருக்காது.

"ஐயா," என்றார் மேனேஜர், குரல் தாழ்த்தி. "இதை அம்மாகிட்ட இப்பவே சொல்லுங்க. உங்க மேல தப்பே இல்லைன்னு ஆயிடுச்சே."

தையல்காரர் தலையை ஆட்டினார், வேண்டாம் என்று.

"பத்தாம் தேதி ஒரு பொண்ணோட போட்டோ அனுப்பினோம். சம்பந்தம் பேசியிருந்தோம். அந்த வாரம் அவன் போன் பண்ணலை. டவர் சரியில்லை, வேலை அதிகம், அடுத்த வாரம் பேசுறேன்னு மெசேஜ்தான் வந்துச்சு. போட்டோவுக்குக் கீழே ரெண்டு நீல டிக் விழுந்துச்சு. பாத்துட்டான், பாத்துட்டான்னு இவ தெரு முழுக்கச் சொல்லிட்டு வந்தா. இன்னைக்கும் மனசு தாங்காதப்ப அதைத்தான் சொல்லிக்குவா. புள்ள அந்தப் பொண்ணைப் பாத்துட்டுத்தான் போனான்னு." அவர் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "இதைச் சொன்னா என் பேரு சுத்தமாகும். அவகிட்ட இருக்கிறது ஒண்ணே ஒண்ணு. அது போயிடும்."

மேனேஜர் காவலரிடம் திரும்பி ஏதோ பேசினார். காவலர் கொஞ்சம் யோசித்து, அந்தப் பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்து முத்திரை குத்திக் கொடுத்தார். மேனேஜர் அதை மடித்துத் தையல்காரரின் சட்டைப் பையில் தானே வைத்தார்.

கடைசி வரிசை, மதிலோரம். பெயர் கிடையாது. இரும்புத் தகட்டில் எண் மட்டும். மனைவி முழங்காலை மடக்க முடியாமல் அப்படியே சரிந்து மண்ணில் உட்கார்ந்தார். அழுவார் என்று மேனேஜர் பயந்தார். அந்த அம்மா அழவில்லை, மகனைத் திட்டினார்.

"இவ்வளவு பெரிய ஊர்ல உனக்கு இந்த மூலைதான் கெடைச்சுதாடா? வெயில் நேரா மூஞ்சியில அடிக்குமே. ஒரு மரம்கூட இல்லாத இடமாப் பாத்துப் படுத்திருக்கியே."

தையல்காரர் நின்றபடியே மேட்டைப் பார்த்தார். நாற்பது வருடத் தொழில், கண் தானாக அளந்துவிட்டது. ஐந்தரை அடி. மகன் ஆறடிக்கு மேல். அக்கம்பக்கத்து மேடுகளைப் பார்த்தார். எல்லாமே ஐந்தரை அடி. அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மனைவி ஒரு பிடி மண்ணைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு, எழுந்திருக்கக் கை நீட்டினார். தையல்காரர் கை கொடுத்தார். எழுந்ததும் மனைவி அந்தக் கையை விட்டுவிட்டார்.

"நல்லாப் பாத்துக்கங்க," என்றார். "நீங்க கையெழுத்துப் போட்டுக் குடுத்த இடம்."

மேனேஜர் வாயைத் திறந்தார். தையல்காரர் அவரைப் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டார்.

திரும்பி வருவதற்குள் ஊர்வலம் குறுக்கே வந்துவிட்டது. நாற்பது நிமிடம் ஒரு கடை வாசலில் நின்றார்கள். ஏரிக்கரைக்கு வந்தபோது படகுகள் பாதித் தூரம் போயிருந்தன. மேனேஜர் இல்லாமல் மேடையில் விடமாட்டோம் என்று சொல்லிவிட்டார்களாம். முன்பதிவு செய்த இருக்கைகள் போயே போயின. இருபத்தொன்பது பேரும் சாலையில் நின்று அடுத்தவர் தலைகளுக்கு மேல் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பேருந்தில் ஏறியதும் ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர் பொரிந்து தள்ளினார். "வருஷத்துக்கு ஒரு தடவை நடக்கிற விழா! ரெண்டு பேர் ஷாப்பிங் போனதுக்கு நாங்க எல்லாரும் நடுரோட்டுல நிக்கணுமா?"

தையல்காரரின் மனைவி இருக்கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "ஷாப்பிங் போகலைங்க. எம்புள்ள இந்த ஊர்ல கட்டட வேலைக்கு வந்து செத்துப்போனான். அவன் கல்லறையைப் பாக்கப் போனோம்."

அதிகாரி வந்து மன்னிப்புக் கேட்டார். அவருக்கு நிஜமாகவே கண் கலங்கியிருந்தது.

மிச்சமிருந்த இரண்டு நாளும் எல்லோரும் அன்பைப் பொழிந்தார்கள். முன்வரிசை சீட்டு, முதலில் சாப்பாடு, பழம், பிஸ்கட். கடற்கரையில் ஒரு பெண்மணி அந்த அம்மாவின் தோளில் கை போட்டுப் படம் எடுத்துக்கொண்டார். பிறகு இன்னொருவர். "இவங்களைத்தான் சொன்னேன்" என்று ஒருவர் வீடியோ காலில் யாருக்கோ காட்டினார். கோட்டையையும் அருவியையும் பார்த்தவர்கள் இப்போது இவர்களைப் பார்த்தார்கள். மனைவி எல்லாப் படத்துக்கும் நின்றார். எதிலும் அவர் கேமராவைப் பார்க்கவில்லை.

ஊர் திரும்பியதும் தையல்காரர் முதல் வேலையாக ஏஜென்டைத் தேடிப் போனார். அந்த மாடியில் இப்போது ஒரு டியூஷன் சென்டர் நடந்துகொண்டிருந்தது. வெளிநாட்டு வேலைக்குப் போனவர்களுக்கான அரசு அலுவலகத்தில் ஜெராக்ஸைக் காட்டினார். குமாஸ்தா இரண்டு முறை படித்துப் பார்த்து ஒரு படிவத்தை நீட்டினார்.

"விசாரணைக்கு மனு குடுக்கலாம். அப்பா, அம்மா ரெண்டு பேரும் கையெழுத்துப் போடணும்."

"நான் மட்டும் போட்டா?"

"எடுக்க மாட்டாங்க."

படிவம் ஒன்பது நாள் தையல் மிஷின் டிராயரிலேயே கிடந்தது. பத்தாம் நாள் மத்தியானம், கடையில் மனைவி சட்டைக்குப் பட்டன் தைத்துக்கொண்டிருந்தபோது, தையல்காரர் அந்த ஜெராக்ஸை அவர் மடியில் வைத்தார். தேதிகளைச் சொன்னார். மூன்று, எட்டு, பத்து, பதினாறு.

மனைவி ஊசியைச் சட்டையிலேயே குத்தி வைத்தார்.

"எப்போ தெரியும் உங்களுக்கு?"

"அங்கேயே."

"நான் அந்த மண்ணுகிட்ட நின்னு அப்படிச் சொன்னேனே, அப்பவே தெரியுமா?"

அவர் தலையசைத்தார்.

"வாயைத் தொறந்திருக்கலாமில்ல?"

"போட்டோவை அவன் பாத்தான்னு நீ நெனச்சிட்டிருந்தே."

மனைவியின் முகம் கோணிப்போனது. "எவனோ ஒருத்தன் செத்தவன் போனைக் கையில வச்சுக்கிட்டு என் மருமகளாகப்போற பொண்ணைப் பாத்திருக்கான்," என்றார். எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். மாலை வரை வரவில்லை. தையல்காரர் கடையில் விளக்குப் போடாமல் உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் காலை மனைவி வந்து படிவத்தைக் கேட்டார். கையெழுத்துப் போட்டார். மன்னிப்பு என்று எதுவும் பேசவில்லை. தையல்காரரும் எதிர்பார்க்கவில்லை. "எத்தனை மணிக்குப் போகணும்? நானும் வரேன்," என்று மட்டும் கேட்டார்.

ஆறு முறை போய்விட்டார்கள். மகன் வேலை பார்த்த கம்பெனியிலிருந்து பதில் வரவில்லை என்கிறார்கள், தூதரகத்துக்கு எழுதியிருக்கிறோம் என்கிறார்கள், அடுத்த மாதம் என்கிறார்கள். ஆறாம் முறை போனபோது வராந்தா பெஞ்சில் இடம் தேடி ஒரு பெண் நின்றிருந்தாள். கையில் பிளாஸ்டிக் உறை, அதற்குள் மடித்த காகிதங்கள், ஓர் இளைஞனின் பாஸ்போர்ட் படம். புருஷனுக்கு எந்த ஊரில் வேலை என்று பேச்சுவாக்கில் கேட்டதற்கு, அதே ஏரிக்கரை ஊரின் பெயரைச் சொன்னாள்.

தையல்காரரின் மனைவி கணவரை நகர்ந்து உட்காரச் சொல்லி, தன் பக்கத்தில் அவளுக்கு இடம் கொடுத்தார்.

"உட்காரும்மா," என்றார். "உன் புருஷன் எத்தனாம் தேதி போனார்னு சொன்னாங்க?"