மாநில அந்தஸ்துக்கு ஒரு பகல் பட்டினி

பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து விடுபட்ட விடுதலை நாளன்று, தங்கள் யூனியன் பிரதேசத்துக்கு மாநில அந்தஸ்து கேட்டு உண்ணாவிரதம் இருப்பதென்று உலகநாதன் தீர்மானித்தபோது, அன்றைக்கு அரசு விடுமுறை என்பது அவருக்கு உறைக்கவே இல்லை. இத்தனைக்கும் வருஷாவருஷம் அந்த நவம்பர் ஒன்றாம் தேதி பாகூரில் தன் உரக்கடைக்கு லீவு விடுகிறவர் அவர்.

கொம்யூன் பஞ்சாயத்து ஆபீஸ் வாசலில் பேனரைக் கட்டிவிட்டுத் திரும்பினார். கேட்டில் பூட்டு. காலையிலேயே கொடியேற்றி, மிட்டாய் கொடுத்துவிட்டு எல்லோரும் போயிருந்தார்கள். வருவதாகச் சொன்ன வியாபாரிகளில் ஒருவரும் வரவில்லை. செல்போன் கடை மணிபாரதி மட்டும் வாட்ஸ்அப்பில் கட்டைவிரலை அனுப்பியிருந்தான்.

மனைவி ஹேமலதா போன் செய்தாள். “ஏங்க, கூட்டம் வந்துச்சா?”

“வந்துகினு இருக்குது.”

பூட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்த மனுஷனுக்குத் தன்னை நினைத்தே சிரிப்பு வந்தது. பதினோரு மணிக்கே பசியும் வந்தது.

அப்போது காலிக்குடத்தோடு ஒரு பெண் வந்தாள். சோரியாங்குப்பம் கலியம்மாள். கடலூர்ப் பக்கம் கம்பெனி வேலை. எல்லை தாண்டி அங்கே இன்று விடுமுறை கிடையாது.

“தெருவுல தண்ணி வரலன்னு சொல்ல வேலைக்கு லீவு போட்டுட்டு வந்தேண்ணே. இங்க இவங்களுக்கு லீவாம்!” என்றவள் பேனரைப் படித்தாள். “இன்னாண்ணே இது? மாநிலம் வந்தா தண்ணி வருமா?”

அதிகாரம், நிதி, டெல்லி என்று உலகநாதன் விளக்கத் தொடங்கினார்.

“அதெல்லாம் சரி. வருமா, வராதா?”

“வரும்மா.”

“அப்ப நானும் உக்கார்றேன்.”

சற்று நேரத்தில் ரோந்து வந்த போலீஸ்காரர் பைக்கை நிறுத்தி, “பர்மிஷன் வாங்கினீங்களா?” என்றார். எழுதி மனப்பாடம் செய்திருந்த உரையில் முதல் வரிகூட உலகநாதனுக்கு நினைவு வரவில்லை. கலியம்மாள்தான் எழுந்தாள்.

“குடிக்கத் தண்ணியில்ல சார். அதான் சோறு தின்னாம குந்திகினு இருக்கோம்.”

போலீஸ்காரர் குடத்தைப் பார்த்தார். யாருக்கோ போன் போட்டார். ஆள் போய்ப் பார்த்ததில், வால்வில் மண் அடைத்திருந்ததாம். சுத்தம் செய்து திறந்துவிட்டார்கள். கொஞ்ச நேரத்தில் கலியம்மாளின் தங்கை ஆதிலட்சுமி போனில் கத்தினாள்: “அக்கா, தண்ணி வந்துட்டுது!”

“எழுந்திருண்ணே, கேட்டது கெடச்சிட்டுது” என்றாள் கலியம்மாள்.

“நான் கேட்டது வேறம்மா” என்று அவர் இழுப்பதற்குள் பேனரின் ஒரு முனையை அவிழ்த்துவிட்டிருந்தாள். மறுமுனையை அவரே அவிழ்த்தார். கொஞ்சம் அவசரமாகவே.

ஸ்கூட்டரில் அவளைத் தெருவில் இறக்கிவிட்டபோது, “பட்டினி கெடந்து தண்ணி கொண்டாந்தவரு இவருதான்” என்றாள் எல்லோரிடமும். மறுக்கத்தான் வாயைத் திறந்தார். ஆனால் அவள் வீட்டிலிருந்து நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு மணத்தது. தலைவர்களெல்லாம் பழரசம் குடித்து உண்ணாவிரதத்தை முடிப்பார்கள். உலகநாதன் இரண்டாம் முறையும் சோறு வாங்கி முடித்தார்.

சாயங்காலம் மணிபாரதி கூப்பிட்டான். “அண்ணே, போராட்டம் இன்னா ஆச்சு?”

“மாபெரும் வெற்றிப்பா” என்றார் உலகநாதன், ஏப்பத்தை அடக்கிக்கொண்டு. “டெல்லிக்குத்தான் இன்னும் சேதி போய்ச் சேரல.”