பத்தில் ஒரு பங்கு

என் மகள் ஒன்பது மணிக்கு வீடு திரும்பட்டுமா என்று கேட்டால், அவளுக்கு வேண்டியது எட்டு மணிதான் என்று எனக்குத் தெரியும். நான் எட்டு என்பேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போவாள், உள்ளுக்குள் சிரிப்பு. நாடாளுமன்ற நிதிக் குழுவும் அரசு வாரியங்களும் வருஷக்கணக்காக இதே விளையாட்டைத்தான் ஆடின. வாரியங்கள் கூட்டிக் கேட்கும். குழு பத்தில் ஒரு பங்கை வெட்டும். மறுநாள் செய்தித்தாளில் ‘குழு கறார்’ என்று வரும். குழுவின் செயலாளரான நான் அந்த வெட்டை முன்கூட்டியே அச்சடித்து வைத்திருப்பேன். யாரும் எதையும் படித்து மெனக்கெட வேண்டியதில்லை.

குழுத் தலைவி ஒரு காலத்தில் துணிக்கடை நடத்தியவர். அதனாலும் வெட்டுக்குப் பேர்போனவர் என்பதாலும் எல்லோருக்கும் அவர் கத்தரியம்மா. அவர் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கினால் எதிரே இருப்பவர் தன் கணக்குத் தாள்களைப் புரட்ட ஆரம்பிப்பார்.

அன்று ஆம்புலன்ஸ் வாரியத்தின் முறை. அதன் புதிய தலைவர் பல வருஷம் ஆம்புலன்ஸிலேயே அலைந்த ஒரு பெண் டாக்டர். பக்கத்தில் வாரியத்தின் நிதி அதிகாரி பேயறைந்த முகத்தோடு உட்கார்ந்திருந்தார்.

"பத்துல ஒண்ணு கழிச்சிட்டு அடுத்ததுக்குப் போலாமே. பசிக்குது," என்றார் மூத்த உறுப்பினர்.

டாக்டர் மைக்கைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார். "கழிச்சீங்கன்னா மலைப்பக்கத்து ஊர்கள்ல ராத்திரி வண்டி ஓடாதுங்க. நீங்க வெட்டுவீங்கன்னு இந்தத் தடவை எதையும் கூட்டிப் போடல."

"அப்போ இதுக்கு முன்னாடி கூட்டிப் போட்டீங்களா?"

மூத்தவர் போகிற போக்கில் கேட்டதுதான். ஆனால் அது பொறியாகிவிட்டது. ஆமாம் என்றால், நாடாளுமன்றத்துக்கே பொய்க் கணக்கு கொடுத்ததாக ஆகும். டாக்டரின் பதவி போகலாம். இல்லை என்றால், போன வருஷங்களில் சமாளித்தது போல இப்போதும் சமாளியுங்கள் என்று வழக்கமான வெட்டு விழும். நிதி அதிகாரி மேஜைக்கடியில் டாக்டரின் காலை மிதித்ததை நானே பார்த்தேன்.

"போட்டோம்," என்றார் டாக்டர். "வருஷா வருஷம். நான் பொறுப்புக்கு வர்றதுக்கு முன்னாடிதான், ஆனா வாரியம் அதே வாரியம்தானே. அதுக்கு என்னை என்ன வேணா பண்ணுங்க. வண்டியை நிறுத்திடாதீங்க."

அந்த நாற்காலியில் உட்கார்ந்து வழவழா கொழகொழா என்று பேசாத ஒருவரை அன்றுதான் பார்க்கிறேன். அவரை எனக்கு ரொம்பப் பிடித்துப் போயிற்று.

மூத்தவர் எகிறினார். "நம்மளை ஏமாத்தியிருக்காங்கம்மா. ரெண்டு மடங்கா வெட்டணும்."

கத்தரியம்மா கண்ணாடியை இறக்கினார். பார்வை டாக்டர் பக்கம் போகவில்லை, எங்கள் பக்கம் திரும்பியது.

"நாம படிக்காம வெட்டுவோம்னு தெரிஞ்சுதானே கூட்டிக் கேட்டாங்க? அது ஏன் பத்துல ஒண்ணு? யாருக்காவது தெரியுமா?"

அவர் என்னைப் பார்த்தார். நான் தண்ணீர் குடித்தேன்.

"வாரியம் செஞ்சது தப்பு, அது அறிக்கையில வரும். நாம செஞ்சதும் வரும். இப்போ முதல் பக்கத்தைத் திருப்புங்க. சாப்பாட்டை இங்கேயே கொண்டுவரச் சொல்லுங்க."

படித்தோம். டயர், ஆக்ஸிஜன், டீசல் என்று ஒவ்வொன்றுக்கும் கத்தரியம்மா காரணம் கேட்டார். தெரிந்ததற்கு டாக்டர் பதில் சொன்னார். தெரியாததைத் தெரியாது என்றார். தலைமை அலுவலகத்துக்குப் புது நாற்காலிகள் வாங்கும் செலவைக் கத்தரியம்மா அடித்தபோது, "அடிச்சிடுங்க, பழசுலயே உட்காருவோம்," என்றார். மூத்தவரே பசியை மறந்து கேள்வி கேட்க ஆரம்பித்துவிட்டார்.

டிரைவர்கள் சம்பளப் பக்கத்தில் கத்தரியம்மா நின்றார். "ராத்திரி டிரைவருக்குக் காய்ச்சல்னா யாரு ஓட்டுவா?"

"பகல்ல ஓட்டினவரேதான்."

"தூங்காமலா? மாத்து டிரைவருக்கு ஏன் கேட்கல?"

டாக்டர் தலை குனிந்தார். "மறுபடியும் கூட்டிக் கேட்கிறோம்னு நினைச்சிடுவீங்களோன்னு பயமா இருந்துச்சு. அதான் விட்டுட்டேன்."

கத்தரியம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு என்னிடம் சொன்னார்: "எழுதிக்குங்க. மாத்து டிரைவர் சம்பளத்தைச் சேர்க்கணும்னு சபைக்குப் பரிந்துரை." டாக்டரிடம் திரும்பினார். "அடுத்த வருஷமும் நீங்களேதான் வரணும். பழைய கணக்குக்கு வேற யாரு வந்து எனக்குப் பதில் சொல்லுவா?"

நிதி அதிகாரிக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. டாக்டர் கைகூப்பினார்.

நான் என் தாளை எடுத்தேன். ‘குறைக்கப்பட்ட தொகை’ என்று கொட்டை எழுத்தில் அச்சாகியிருந்தது. சேர்ப்பதை எழுத அதில் எங்கேயும் இடம் இல்லை. அச்சடிக்கக் கொடுத்தவனே நான்தான். அச்சான அந்த வரியை அடித்துவிட்டு, ஓரத்தில் மாற்று டிரைவர் சம்பளத்தைக் கையால் எழுதினேன்.