இரண்டு பேர் படுக்கும் கூடாரம்

கல்யாணமாகி எட்டு மாதமாகியும் என் மனைவி சுந்தரவல்லி வாய்விட்டுச் சிரித்து நான் கேட்டதில்லை. சிரிப்பு வந்தால் புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொள்வாள். வேறென்ன செய்வாள்? செங்கல்பட்டில் எங்கள் வீடு என்பது ஒரு ரேழி, ஒரு கூடம், ஓர் அறை. அதற்குள் அப்பா, அம்மா, அத்தை, என் இரண்டு தங்கைகள். ராத்திரி அவள், என் அம்மாவுக்கும் அத்தைக்கும் நடுவில். நான் அப்பாவின் குறட்டைக்குப் பக்கத்தில். ஒரே ஒரு நாள் நாங்கள் தனியாக இருக்க வேண்டும். எனக்கு வேறு ஆசையே கிடையாது.

ஐம்பத்து நாலாம் வருஷம் மாசி மாதம் ஒரு வழி பிறந்தது. நான் வேலை பார்த்த கோர்ட்டில் சேவகனாக இருந்த துரை பட்டாளத்திலிருந்து திரும்பியவன். அவனிடம் ஒரு பழைய கூடாரம் இருந்தது.

"மாபலிபுரம் கடக்கரைல போட்டுக்கோ சாமி. ரெண்டு பேரு தாராளமா படுக்கலாம். மூணாவது ஆளு வந்தா காலு வெளிய நீட்டிக்கினு கெடக்கும்" என்றான்.

ரெண்டு பேர்! அந்த வார்த்தையே எனக்குப் போதும். சுந்தரவல்லியின் பிறந்தகத்துக்குப் போவதாக வீட்டில் சொல்லிவிட்டுக் கடற்கரைக்குப் போய்விடுவது என்று முடிவு செய்தேன். கிணற்றடியில் அவளிடம் கிசுகிசுத்தபோது முகம் சிவந்து தலையாட்டினாள்.

கூடாரத்தைப் புறப்படும் நாளன்று பஸ் ஸ்டாண்டுக்குக் கொண்டுவரச் சொல்லியிருந்தேன். அந்தப் புண்ணியவான் நாலு நாள் முன்பே சைக்கிளில் கட்டி வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டான்.

"இன்னா சாமி, இங்கயே போட்டுப் பாத்துக்கினா அங்க பேஜாரு இருக்காதே!"

அப்பா பஞ்சாங்கத்திலிருந்து தலையைத் தூக்கினார். "என்னடா இது?"

நான் துரையை வாசல் பக்கம் தள்ளப் பார்த்தேன். அதற்குள் சுந்தரவல்லியின் குரல் உள்ளிருந்து வந்தது. "மாசி மகத்துக்கு எல்லாருமா போய் சமுத்திர ஸ்நானம் பண்ணிட்டு, ஸ்தலசயனப் பெருமாளையும் சேவிச்சுட்டு வரலாம்னு இவர்தான் ஏற்பாடு பண்ணியிருக்கார், மாமா."

எல்லாருமா? பயத்தில் உளறிவிட்டாள் என்றுதான் நினைத்தேன்.

அன்றிலிருந்து எனக்கு ஒன்றுமே புரியவில்லை. "எத்தனை சிப்பாய் படுத்து எழுந்ததோ! மடியா இருக்க வேண்டாமா?" என்று அத்தை கூடாரத்தைக் கிணற்றடியில் ஊறவைத்துவிட்டாள். தண்ணீர் குடித்த கித்தானை நாலு பேர் சேர்ந்தும் தூக்க முடியவில்லை. அது கொல்லையில் கிடந்து சொட்டிக்கொண்டே இருந்தது.

மூன்றாம் நாள் துரை வந்து, கூடாரம் போடக் கற்றுக்கொடுத்தான். "வடக்கே தலை வெச்சுப் படுக்கப்படாது, திருப்பு" என்றார் அப்பா. திருப்பினோம். "வெயில் மூஞ்சில அடிக்கும்" என்றாள் அம்மா. மறுபடி திருப்பினோம். அடுப்பு எந்த மூலை என்று அத்தை கேட்டாள். என் கையில் ஒரு கயிறு இருந்தது. அது எதைக் கட்டும் கயிறு என்று கடைசிவரை எனக்குத் தெரியவில்லை. இழுத்தேன். கம்பம் சாய்ந்து அப்பா உள்ளே அகப்பட்டுக்கொண்டார்.

"பெரிய சாமி, அசையாத இரு, இஸ்துடறேன்!" என்று துரை பாய்ந்தான்.

சுந்தரவல்லியோ உற்சாகமாகப் புளிக்காய்ச்சல் கிளறிக்கொண்டிருந்தாள். "எதிராத்துப் பட்டாபி மாமாவையும் மாமியையும் கூப்பிடலாமே" என்று வேறு சொன்னாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"உனக்குப் புத்தி பிசகிடுத்தா? நான் என்ன கேட்டேன், நீ என்ன பண்றே?" என்று கிணற்றடியில் சீறினேன்.

"நன்னாத்தான் பண்றேன்" என்று குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு போய்விட்டாள்.

என்னோடு தனியாக இருக்க அவளுக்கே இஷ்டமில்லையோ? அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

மகத்துக்கு முதல் நாள் விடிந்தது. பஸ் ஸ்டாண்டுக்குப் போக வாசலில் இரண்டு மாட்டு வண்டிகள் நின்றன. ஒன்றில் ஈரக் கூடாரத்தோடு துரை; இன்னொன்றில் அம்மா, அத்தை, தங்கைகள், பட்டாபி தம்பதி. அப்பா காலைத் தூக்கி வைக்கப் போன சமயம் சுந்தரவல்லி மெதுவாகக் கேட்டாள்.

"மாமா, ஆத்துல பெருமாளுக்கு யார் திருவாராதனம் பண்ணுவா?"

அப்பாவின் கால் அந்தரத்தில் நின்றது. எங்கள் வீட்டுச் சாளக்கிராமத்துக்கு ஒரு நாள்கூடப் பூஜையும், படைக்கச் சமைக்கும் தளிகையும் நின்றதில்லை.

"பெருமாளையும் கூடவே ஏளப்பண்ணிண்டு போயிடலாமே" என்றார்.

"அந்தக் கித்தானுக்குள்ளேயா? எத்தனை கசக்கியும் பட்டாள வாசனை போகலை! ராம ராமா!" என்று அத்தை காதைப் பொத்திக்கொண்டாள்.

அப்பா வண்டியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "வெங்கடராகவா, நீ இருந்து ரெண்டு நாள் பெருமாளைப் பார்த்துக்கோடா."

"தளிகை?" என்றாள் அம்மா.

"நான் இருந்து பண்றேன், அம்மா" என்றாள் சுந்தரவல்லி, குனிந்த தலை நிமிராமல்.

"பாவம், கொழந்தைக்குத்தான் குடுப்பினை இல்லை" என்று அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"இன்னா சாமி, நீ வரலியா? உனக்குன்னு தானே குடுத்தேன்!" என்று துரை கத்த, வண்டிகள் தெருமுனை திரும்பின.

சுந்தரவல்லி கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். வீட்டில் ஒரு சத்தமும் இல்லை. நான் மடையன் மாதிரி, "கூடாரம் போச்சே" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். கை பழக்கத்தில் தலைப்பைத் தேடி வாய்வரை போனது. பிறகு விட்டுவிட்டாள். அப்படி ஒரு சிரிப்பு! தரையில் உட்கார்ந்து, மூச்சு வாங்கி, கண்ணில் தண்ணீர் வழியச் சிரித்தாள். அப்போதுதான் எனக்கு எல்லாம் புரிந்தது.

"மெதுவாடி, பெருமாள் காதுல விழப்போறது" என்றேன்.

"விழட்டும்" என்றாள். "அவர் மட்டுந்தானே இருக்கார்."