பகலில் அடைத்த ஜன்னல்

இரண்டாயிரத்து மூன்றில், இனியா பிறந்த கையோடு, எழிலரசன் மருந்து பாட்டில் கம்பெனியில் நைட் ஷிஃப்டைக் கேட்டு வாங்கிக்கொண்டான். பகலெல்லாம் மகளோடு இருக்கலாம் என்ற ஆசைதான்.

உடம்பு அதற்கு இசையவில்லை. வேலை முடிந்து வெயில் முகத்தில் அறைய வீடு திரும்புவான். கண் எரியும், தூக்கம் வராது. சாரம் பகுதியில் குடியிருந்த ஒற்றை அறையின் ஜன்னலை அட்டை வைத்து அடைத்தான். அப்போதும் அரைத் தூக்கம்தான். வருஷம் போகப் போக எதிலும் மனம் ஒட்டவில்லை. குக்கர் விசிலடித்தால் மனைவி சுமலதா மேல் எரிந்து விழுந்தான். ஒருநாள் இனியா சொப்புச் சாமான்களைத் தட்டி விளையாட, எழுந்து வந்து அத்தனையையும் வாரித் தெருவில் எறிந்தான். பிள்ளை அழக்கூட இல்லை. சுமலதா அன்றே அவளைத் தூக்கிக்கொண்டு உழவர்கரையிலிருந்த தாய்வீட்டுக்குப் போய்விட்டாள்.

பிறகுதான் அவன் ஆஸ்பத்திரிக்குப் போனான்.

"ஒடம்புக்குள்ள ஒரு கடிகாரம் இருக்குப்பா. வெளிச்சத்தப் பாத்துதான் ஓடும். ராத்திரில டியூப்லைட்டு, பகல்ல இருட்டுன்னு நீ அதக் கொழப்பிட்ட. அதான் தூக்கமும் போச்சு, மனசும் கெட்டுது," என்றார் டாக்டர். "பகல் வேலைக்கு மாறு. காலைல வெயில்ல நட."

சூப்பர்வைசர் இராமதாஸிடம் கெஞ்சி ஷிஃப்ட் மாறினான். விடிந்ததும் நடந்தான். மெல்ல மெல்லத் தூக்கம் திரும்பியது. ஒரு காலை டீக்கடையில் யாரோ சொன்னதற்கு வாய்விட்டுச் சிரித்தான். தன் சிரிப்பு தனக்கே புதிதாயிருந்தது. அன்றே உழவர்கரைக்குப் போனான்.

வாசலில் இனியா நின்றிருந்தாள். ஓடி வந்தாள். உதடு அசைந்தது, ஒன்றும் கேட்கவில்லை. குனிந்தான்.

"பலூன் வாங்கினு வந்தியாப்பா?" வெறும் மூச்சாக வந்தது குரல்.

"சத்தமாப் பேசும்மா. அப்பா இப்பல்லாம் பகல்ல தூங்கறதில்ல."

பிள்ளை திரும்பித் தாயைப் பார்த்தது.

"எங்க போனாலும் அப்படித்தான் பேசுது," என்றாள் சுமலதா. "ஊமையான்னு கேக்கறாங்க பால்வாடில."

"எனக்கு இருந்தது ஒடம்புக் கோளாறுதானாம் சுமா. சரியாயிட்டேன். வீட்டுக்கு வந்துடுங்க."

"மூஞ்சியப் பாத்தாலே தெரியுது. நீங்க நல்லாயிட்டீங்க." அவள் கண் நிறைந்தது. "எம் பொண்ணும் நல்லாவட்டும். அதுக்கப்புறம் பாக்கலாம்."

மழைக்காலம் வந்து போனது, சுமலதா வரவில்லை. ஞாயிறுதோறும் அவன் மகளைக் கடற்கரைக்குக் கூட்டிப் போகிறான். அலை இரைச்சலில் அவள் சொல்வது எதுவும் காதில் விழாது. பாறை மேல் அவளை உட்கார்த்தி, மணலில் மண்டியிட்டு, அவள் வாயருகே காதை வைத்துக்கொள்கிறான்.