ஆலங்கட்டிக்காக மண்டியிட்ட ஊர்

இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள், கண்ணுகளா. எங்கள் யாவிர்னிக் ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டு வானத்தைப் பார்த்து நின்ற ஒரு மத்தியானத்தைச் சொல்கிறேன். பயம் வந்தால் என் கையைப் பிடித்துக்கொள்ளலாம்.

போர் தொடங்கிய முதல் கோடை. எங்கள் பேரரசரின் படை ரஷ்யனிடம் அடிபட்டு எங்கள் ஊர் வழியாகப் பின்வாங்கிக்கொண்டிருந்தது. தோற்று வருகிற படைக்குத் தன் குடிகளைக் கண்டாலே சந்தேகம். பக்கத்து ஊரில் கூரைமேல் வெள்ளைத் துணி காயப்போட்டவரை, எதிரிக்குச் சைகை காட்டினார் என்று மரத்தில் தொங்கவிட்டார்கள். எங்கள் தேவாலய மணியையும் தொடக்கூடாது என்று உத்தரவு.

அன்று மேற்கே மேகம் திரண்டது. கறுப்பு, அடியில் பச்சை. ஆலங்கட்டி மேகம் அது. வயலில் ஓட்ஸ் அறுக்காமல் நின்றது. அப்படிப்பட்ட மேகத்தை மணியடித்துக் கலைப்பது எங்கள் வழக்கம். மணியடிக்கும் ஒனுஃப்ரி உத்தரவை மறந்தாரோ என்னவோ, கோபுரத்தில் ஏறிக் கயிற்றை இழுத்துவிட்டார்.

ஏழாவது அடி விழுமுன் சிப்பாய்கள் அவரை இழுத்து வந்து, தேவாலய வாசலிலிருந்த பேரிக்காய் மரத்தடியில் கையைக் கட்டினார்கள். கேப்டனுக்கு ஜெர்மன்தான் தெரியும். அவர் சொன்னதை, எங்கள் பேச்சுக்கு நெருங்கிய மொழிக்காரனான யெர்னேய் என்ற ஸ்லோவேனியச் சிப்பாய் எங்கள் பேச்சில் சொன்னான்.

"எத்தன அடிச்சா எத்தன பீரங்கின்னு அர்த்தம்? சொல்லுடா!"

"மேகத்த வெரட்டத்தான் அடிச்சேன், ஐயா."

"மேகம் என்ன கோழியா, சூன்னா ஓட?" கேப்டன் சிரித்துக்கொண்டே கிளையில் கயிறு போடச் சொன்னார்.

ஒனுஃப்ரியின் மனைவி பராஸ்கா யெர்னேயின் காலைக் கட்டிக்கொண்டாள். "தம்பி, உங்க ஊர்ல ஆலங்கட்டி விழாதா? நீங்க என்னப்பா பண்ணுவீங்க?"

அவன் உதடு வெளுத்தது. வாயைத் திறந்தால் அவனும் துரோகிதான். ஆனாலும் கேப்டனிடம் திரும்பினான். "ஐயா, எங்க ஊர்லயும் அடிப்போம். எங்கப்பாவே அடிப்பாரு."

கேப்டன் அவனையே பார்த்தார். ஒரு சுருட்டைப் பற்றவைத்தார். "சரி. நான் இத முடிக்கிறதுக்குள்ள ஆலங்கட்டி விழுந்தா, அவன் சொன்னது நெசம்னு ஒத்துக்கறேன், போகட்டும். விழலேன்னா ரெண்டு பேருக்கும் கயிறு."

அதை எங்களுக்குச் சொல்லும்போது யெர்னேயின் குரல் உடைந்தது.

மேகமோ ஆற்றுப் பக்கம் நகரத் தொடங்கியது.

"அடிச்சது பலிச்சுடுச்சே, பாவி மனுஷா!" பராஸ்கா கணவனின் நெஞ்சில் குத்திக் குத்தி அழுதாள்.

நான்கு பிள்ளைகளோடு ஒரே துண்டு வயலை நம்பியிருந்த விதவை யெவ்தோகாதான் முதலில் மண்டியிட்டாள். "மாதாவே, என் வயல எடுத்துக்கோ. இவங்கள விட்டுடு."

"வேணாம் யெவ்தோகா, புள்ளைங்க என்ன திங்கும்?" என்றார் ஒனுஃப்ரி.

"நீ சும்மா இருய்யா! கழுத்துல கயிற வெச்சுக்கிட்டு ஞாயம் பேசுது பாரு!"

ஒவ்வொருவராக ஊரே மண்டியிட்டது. சுருட்டு விரல்நுனி அளவு ஆகிவிட்டது. யெர்னேய் கண்ணை மூடிக்கொண்டான். அப்போது காற்று திரும்பியது. கேப்டனின் தொப்பியில் டக்கென்று ஒன்று விழுந்தது. பிறகு வானமே கொட்டியது, வாதுமைக்கொட்டை பருமனில். "அவுத்து விடு!" என்று கத்திக்கொண்டே கேப்டன் எதிரிலிருந்த சாராயக்கடைக்குள் ஓடினார். யெர்னேயின் கைக்கு முடிச்சு அவிழவில்லை. பல்லால் கடித்து அவிழ்த்தான். ஒருவரும் ஒதுங்கவில்லை. நெற்றியில் ரத்தம் வழிய அங்கேயே நின்றோம்.

கால் மணி நேரத்தில் வயலில் ஒரு தாள் நிற்கவில்லை. மறுநாள் படையோடு யெர்னேயும் போய்விட்டான், பிறகு சேதியே இல்லை. அந்தக் குளிர்காலம் மரப்பட்டையை இடித்துக் கலந்த ரொட்டியைத் தின்றோம். ஒனுஃப்ரியை ஒருவரும் ஒரு சொல் சொல்லவில்லை. அவர்தான் ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு வாயருகே கொண்டுபோக முடியாமல் உட்கார்ந்திருப்பார்.

உங்கள் வயலில் கதிரும் நிற்கட்டும், வீட்டில் ஆளும் நிற்கட்டும். இதுவா அதுவா என்று கேட்கிற நாள் உங்கள் வாசலுக்கு வழி தெரியாமலே போகட்டும்.